அக்காவின் முழங்கை

போன மாதம் என் வலது முட்டியைத் தொடுவதற்கு முன்னால், பிசியோதெரபி செய்கிற அந்தச் சின்னப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "ஆன்ட்டி, இந்தக் கால் சரியாச்சுன்னா உங்களுக்கு முதல்ல என்ன செய்யணும்?"

வலி எத்தனை நாளாக என்று கேட்பாள், சர்க்கரை உண்டா என்று கேட்பாள் என எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். இந்தக் கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை. "தரையில உக்காந்து எந்திரிக்கணும்" என்றேன். "அப்போ அதிலேர்ந்தே தொடங்கலாம்" என்று சொல்லி, முட்டியை விட்டுவிட்டுத் தொடையில் கை வைத்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலிக்கிறதா என்று அவள் பதறிப்போனாள்.

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் மூட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஒரு காலத்தில் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லிப் பீற்றிக்கொண்டோம், இப்போது எக்ஸ்ரே படத்தைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறோம். அதனால் இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். அந்தக் கேள்வியை நான் அதற்கு முன்பு ஒரே ஒரு முறைதான் காதில் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. கேட்கப்பட்டவள் நான் அல்ல, என் அக்கா.

ஆரியசாலையில் ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே மிளகாய் வற்றலும் மல்லியும் அடைத்த கோடவுன், மேலே நாங்கள். காய்ந்த மிளகாயின் நெடி மரப்படி வழியாக ஏறி வந்து தலையணையில்கூட இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. விருந்தாளிகள் தும்மிக்கொண்டே உள்ளே வருவார்கள், தும்மிக்கொண்டே திரும்பிப் போவார்கள். அப்பா அந்தச் சரக்கை விற்கிற மொத்த வியாபாரக் கடையின் மேனேஜர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை பார்க்கிறவர். முள் நடுவில் நின்றால் சரி, இல்லையென்றால் தப்பு. வீட்டு விஷயங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தாள். லோயர் பாஸாகி, ஹையர் எழுதக் காத்திருந்த நேரம். அந்த வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி. தண்ணீர்க் குடத்தோடு அக்கா சறுக்கி விழுந்தாள். வலது முழங்கை கல்லில் மோதிய சத்தம் எனக்கு மாடியில் கேட்டது. அப்பா கடையிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, அவளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஆட்டோ பிடித்தார். இதைச் சொல்லிவிடுகிறேன்: அக்கா மேல் அப்பாவுக்கு உயிர். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். ஆனி முடியும்போது பிரித்தார்கள். உள்ளேயிருந்து மெலிந்து வெளுத்த, செதில் உரிந்த ஒரு கை வந்தது. பாதி மடக்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது. நீட்டவும் வரவில்லை, முழுக்க மடக்கவும் வரவில்லை. அதற்குள் நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. ஆடி கழியட்டும், ஆவணியில் வந்து பெண் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

நமக்கு ஆடி. இந்த மலையாள ஊருக்கு அது கர்க்கடக மாதம், எண்ணெய் தேய்த்து உடம்பை நீவி உழிவதற்கென்றே உள்ள மாதம். யாரோ சொல்லி அப்பா வித்துராவிலிருந்து ஒரு பெண்மணியை வரவழைத்தார். அவர் அப்பனும் அண்ணனும் உழிச்சல்காரர்களாம், பெண்களுக்கு இவர். உழிச்சல் சேச்சி என்று நாங்கள் கூப்பிட்டோம். பதினாலு நாள் என்று பேச்சு. மத்தியானம் ஒரு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, நனைந்த குடையோடு படியேறி, மூன்று தும்மல் போட்டுவிட்டு உட்காருவார். கையில் ஒரு அலுமினியத் தூக்கு. வாட்டிய வாழையிலையால் அதன் வாயை மூடி, வாழைநாரால் கட்டியிருப்பார். அதைப் பிரித்ததும் குறுந்தோட்டியும் பச்சிலையும் எள்ளெண்ணெயும் கலந்த மணம் மிளகாய் நெடியையே அமுக்கிவிடும்.

எனக்குப் பள்ளிக்கூடம் காலை ஷிஃப்ட். மத்தியானம் வீட்டில்தான் இருப்பேன். முதல் நாள் சேச்சி அக்காவின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, கையைத் தொடாமல் முகத்தையே பார்த்தார்.

"மோளே, இந்தக் கை கொண்டு உனக்கு ஆத்யம் எந்தாக்கும் செய்யணும்?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

"சோறு திங்கணும்" என்றாள் அக்கா. "பொறவு டைப் அடிக்கணும்."

"அது மதி, போதும்" என்றார் சேச்சி. "வாய் வரைக்கும் ஆத்யம் போவாம்."

மூன்று நாள் அவர் முழங்கையைத் தொடவே இல்லை. கழுத்தும் தோளும் புறங்கையும்தான். கட்டைவிரலால் உள்ளங்கையின் நடுவில் ஊன்றி, ஒவ்வொரு விரலாக இழுத்து நீவுவார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தூங்கி விழுவாள். "பகலுறக்கம் பாடில்லா" என்று சேச்சி அவள் காதைத் திருகுவார். நாலாம் நாள் இலைகளை எண்ணெயில் வதக்கித் துணியில் கிழி கட்டி, சூடு பார்த்துப் பார்த்து ஒற்றினார். பிறகு ஒரு கையால் அக்காவின் மேல்கையைத் தாங்கி, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து, மூச்சு விடச் சொல்லி மெல்ல மடக்கினார். எங்கே நின்றதோ அங்கே நிறுத்தி, காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்தார். ஒரு முறைகூட அழுத்தியதில்லை. முடிவில் ஒரு ரசகதலி வாழைப்பழத்தை உரித்து அக்காவின் வலது கையில் கொடுப்பார். அதுதான் அன்றைய பரீட்சை. முதலில் பழம் மார்புவரை வந்தது. பிறகு கழுத்துக் குழிவரை. எட்டாம் நாள் தாடையைத் தொட்டுவிட்டது. அக்கா சிரித்த சிரிப்பில் பழம் மடியில் விழுந்தது.

இந்த இடத்தில் நான் நுழைகிறேன். ஆறாம் வகுப்பில் புதிதாக ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கோணமானி கையில் கிடைத்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கதவுக்கு எத்தனை டிகிரி, படிக்கு எத்தனை டிகிரி என்று அளந்துகொண்டே திரிவேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அக்கா கை தினமும் எம்புட்டு நீளுதுன்னு அளந்து எனக்குச் சொல்லு" என்றார். எனக்கு அவர் கொடுத்த முதல் உத்தியோகம். நீளுகிற கணக்கைத்தான் கேட்டார், நானும் அதைத்தான் அளந்தேன். மடங்குகிறதை அளக்க எனக்குத் தோன்றவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் அப்பாவிடம் அறிக்கை வாசித்தேன். "அப்பா, மொத்தமே அஞ்சு டிகிரிதான் நீண்டிருக்கு. சேச்சி நீட்டவே மாட்டேங்கா. மடக்கிட்டே இருக்கா."

கேட்காத ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் பாருங்கள். கோள் சொல்வதில் எனக்கு அப்போதே நல்ல பெயர். பின்னால் முப்பது வருடம் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தேன் என்றால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது.

மறுநாள் அப்பா கடைக்குப் போகவில்லை. சேச்சி மூன்றாவது தும்மலை முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"நீட்டத்தான உங்களைக் கூப்பிட்டோம்? நீங்க மடக்கிட்டே இருக்கீங்களாமே."

"நீட்டலும் வரும் அண்ணாச்சி. குறச்சு தாமசிக்கும்."

"தாமசிக்க நேரமில்ல. ஆவணியில பொண்ணு பாக்க வாறாங்க. கை கோணிட்டு நின்னா என்ன நெனப்பாங்க?"

"பிள்ளைக்குச் சோறு உண்ணண்டே?"

"சோத்துக்கு என்ன, நாங்க ஊட்டுதோம். கை நேரா நிக்கணும், அம்புட்டுதான். ஒரு இழு இழுத்து விட்டா வராதா?"

சேச்சி கையில் இருந்த தூக்கைக் கீழே வைத்தார். "முழங்கையை நிர்பந்திக்கப் பாடில்லா. நிர்பந்திச்சா அது கோபிக்கும். கோபிச்சா உள்ளே மாம்சம் எலும்பாயிட்டு வளரும். பின்னே ஆராலும் முடியாது."

அப்பா சிரித்தார். "இருவது வயசுப் பொண்ணுக்கு இனி எலும்பு வளருமாக்கும்?"

நானும் சிரித்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா மட்டும், "அவங்க சொல்லுததையும் கேக்கலாம்லா" என்று ஆரம்பித்தாள். அப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அன்றோடு சேச்சியை அனுப்பிவிட்டோம். படியிறங்கும்போது தூக்கை அம்மா கையில் கொடுத்து, "தோளுக்குப் போட்டுக்கோ. கைமுட்டில மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தூக்கில் பிறகு ரொம்ப வருடம் புளி போட்டு வைத்திருந்தோம். வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

அடுத்த நாள் கடையில் அரசு முத்திரைக் காலம் முடிந்து மூலையில் கிடந்த இரும்பு எடைக்கற்களை அப்பா கொண்டுவந்தார். அரைக் கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ. துருவைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினார். அக்காவை பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, கை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி செய்து, ஒரு மஞ்சள் பையில் கல்லைப் போட்டு மணிக்கட்டில் மாட்டினார். தேயிலைப் பெட்டியிலிருந்து உடைத்தெடுத்த பலகை ஒன்றும் தயாராக இருந்தது. தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் கல், பிறகு நீண்ட அளவுக்குக் கையைப் பலகையோடு சேர்த்துப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டிவிட வேண்டும். ஆறு மணிக்கு அப்பா வந்து அவிழ்ப்பார். இடையில் யாரும் தொடக்கூடாது. கல்லை மாற்றுவதும், நேரம் பார்ப்பதும், அளப்பதும் என் பொறுப்பு. கட்டுகிற வேலை அம்மாவுடையது. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கட்டுவாள்.

கை நீண்டது. நீண்டது என்றால் நாளொன்றுக்கு மூன்று டிகிரி, நாலு டிகிரி. அப்பா எனக்கு ஹல்வா வாங்கிவந்தார். ஒரு வாரத்தில் முழங்கை வீங்கிச் சிவந்தது. தொட்டால் அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் போல் இருந்தது.

"காந்துதே, பாத்தியளா?" என்றாள் அம்மா.

"கெட்ட நீர் எறங்குது. நல்லதுதான்" என்றார் அப்பா.

இப்போது சொல்கிறார்கள், முழங்கையில் அடிபட்டால் கண்டபடி இழுக்கவோ தேய்க்கவோ கூடாது, தசைக்குள் எலும்பு படிந்துவிடும் என்று. என் முட்டியைப் பார்க்கிற பெண்ணிடம் கேட்டேன். "எங்களுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவாங்க ஆன்ட்டி" என்றாள். சேச்சிக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது. அவரை நாங்கள் கேட்கவே இல்லை.

ஆடி முடிவதற்குள் கை கிட்டத்தட்ட நேராகிவிட்டது. வீக்கமும் வடிந்தது. அப்பா அவளை ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் நிற்கவைத்துப் படம் எடுத்தார். கை பக்கத்தில் அழகாகத் தொங்குகிறது. படத்தைப் பார்த்தால் குற்றம் சொல்ல யாராலும் முடியாது. வீட்டுக்கு வந்து அக்கா ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கையை மடக்கப் பார்த்தாள். கை அசையவில்லை. வலிகூட இல்லை. தோளோடு சேர்ந்து முழுக் கையும் கம்பு மாதிரி மேலே எழுந்தது, அவ்வளவுதான். பலகை இல்லாமலே பலகையில் கட்டிய மாதிரி இருந்தது. "பழகப் பழக மடங்கும்" என்றார் அப்பா. ஆனால் அவர் குரல் இறங்கியிருந்தது.

ஆவணியில் நாகர்கோவில்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, இன்னும் இரண்டு பேர். வழக்கம்போல் நாலு பேரும் தும்மினார்கள். அக்கா காப்பித் தட்டை இடது கையில் தாங்கி, வலது கையைச் சும்மா விளிம்பில் ஒட்டி, குனிந்தே கொண்டுவந்தாள். அடக்கமான பெண் என்று அந்த அம்மாள் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. நல்ல மனுஷி அவர், அதை மறுக்க மாட்டேன். அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து அவள் வலது கையில் வைத்தார்.

"கூச்சப்படாத தாயி. எங்கூட ஒண்ணு தின்னு."

அக்கா லட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் முயன்றாள். கை நேராக முன்னால் எழுந்தது, யாருக்கோ கொடுப்பதுபோல. லட்டு ஒரு கை தூரத்தில், அவள் வாய்க்கு எதிரே நின்றது. அவள் கையை இறக்கி, மறுபடியும் எழுப்பினாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

அந்த அம்மாள்தான் லட்டைத் திரும்ப வாங்கித் தட்டில் வைத்தார். "பரவால்ல, பரவால்ல" என்று இரண்டு முறை சொன்னார். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கடிதம் வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா ஒரு காரியம் செய்தாள். அப்பாவுக்குச் சொல்லாமல் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வித்துரா பஸ் ஏறினாள். சந்தைக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே சேச்சியின் வீடு. ஈரச் சாணமும் ரப்பர் பாலும் கலந்த நாற்றம். எங்களைப் பார்த்ததும் சேச்சி அக்காவை உட்காரவைத்து, முழங்கையின் மடிப்பில் கட்டைவிரலை வைத்தார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. பிறகு கையை எடுத்துவிட்டார்.

"இது எலும்பாக்கும்" என்றார். "இனி எனக்கு முடியாது மோளே."

அக்கா அழவில்லை. அம்மாதான் அழுதாள். சேச்சி எங்களுக்குச் சூடாகக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அக்காவுக்குப் பலா இலையைக் கரண்டிபோல மடக்கி இடது கையில் கொடுத்து, குடிக்கச் சொன்னார். எங்களைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் ஆரியசாலை முழுக்க, "அந்த உழிச்சக்காரி எம் புள்ள கையக் கெடுத்துட்டா" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சந்தில் வேறு இரண்டு வீடுகளுக்குச் சேச்சி வருவதாக இருந்தது, அதுவும் நின்றுபோனது. எனக்கு எல்லாம் தெரியும். கோள் சொல்லத் தெரிந்த எனக்கு, இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அப்பா அதன்பின் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இலையை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போய்விடுவார். வரன் தட்டிப்போன கோபம் என்று நான் நினைத்திருந்தேன். அக்கா இடது கையால் சாப்பிடுவதைப் பார்க்க அவரால் முடியவில்லை என்பது, நானும் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்த பிறகுதான் புரிந்தது.

அக்கா ஹையர் எழுதவில்லை. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தால் வலது கை மெஷினைத் தாண்டிப் போய்விடும். இடது கையால் எழுதப் பழகி, ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குப் போனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டியதும் திரும்பிவிடுவாள், பந்தியில் உட்கார மாட்டாள். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது. அவளும் நானும் டிவி சீரியலில் வருகிற மாமியார்களைத் திட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருக்கிறோம்.

முட்டி வைத்தியத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்த அன்று, இனியும் பொறுக்க முடியாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் ஸ்பூனால் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சேச்சி மடக்கிட்டே இருக்கான்னு அப்பாகிட்டே போட்டுக் கொடுத்தது நான்தான்."

"தெரியும்" என்றாள். "சின்னப் புள்ள நீ. அது சாரமில்ல."

ஐம்பத்தைந்து வருடமாக நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததை அவள் பரவாயில்லை என்று இரண்டு சொல்லில் தள்ளிவிட்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"பலகை கட்டியிருந்தாங்கள்லா. அம்மா மாவரைக்கக் கீழ போன நேரத்துல உங்கிட்ட கேட்டேன். கொஞ்சம் அவுத்து விடு பிள்ளே, உயிர் போவுதுன்னு. தினமும் கேட்டேன். அதைத்தான் மறக்க முடியல."

"நான் என்ன சொன்னேன்?"

"ஆறு மணி ஆவட்டும்னு சொன்னே."

அக்கா பொய் சொல்கிறவள் அல்ல. அன்றைய மழை, எண்ணெய், எடைக்கல், எல்லாவற்றையும் இங்கே எழுதிவிட்டேன். இது மட்டும், எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும், எனக்கு நினைவுக்கே வரவில்லை.